பாதிப் பாட்டு போதாது!



நாம் கற்பிப்பவற்றுள் பிள்ளைகளின் நெஞ்சில் நெடுங்காலம் நிற்பது எது என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: பாட்டு. இலக்கண விதி மறந்துபோகும். பயிற்றியில் நிரப்பிய விடைகள் சோதனை முடிந்த மறுநாளே மறைந்துபோகும். ஆனால் ஏழு வயதில் கைதட்டிப் பாடிய பாட்டு எழுபது வயதிலும் நாவில் எழும். அதுவே பாட்டின் வலிமை. அதன் ஆபத்தும் அதுவே. பாடநூலில் பிழை இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். பாட்டில் பிழை இருந்தால் யார் திருத்துவது? மெட்டு இனிமையாக இருக்கும்வரை அதன் சொற்களை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இந்த எண்ணத்தோடுதான் நம் சபைகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் விடுமுறை வேதாகம வகுப்புகளிலும் பாடப்படும் ஒரு வகைப் பாடல்களைப் பற்றி எழுதத் துணிகிறேன். யூத மக்களுக்கு இறைவன் அளித்த வாக்குத்தத்தங்களைக் கொண்டாடும் ஆராதனைப் பாடல்கள் அவை. சீயோன் எழும்பும், எருசலேம் கட்டப்படும், சிதறியவர்கள் கூட்டிச் சேர்க்கப்படுவார்கள், ஆபிரகாமுக்குச் சொன்னது மாறாது என்னும் கருத்துகளைத் துள்ளல் தாளத்தில் சொல்லும் பாடல்கள். இவற்றைத் தடை செய்யுங்கள் என்பது என் வாதமன்று. இவற்றை நாம் பாதியாகப் பாடுகிறோம். பாதியாகப் பாடுவதால் பொய்யாகப் பாடுகிறோம். அந்தப் பொய்யைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம் என்பதே என் வாதம்.

எங்கிருந்து வந்தன இப்பாடல்கள்?

இன்று நாம் கேட்கும் பாணிக்கு வயது அதிகமில்லை. 1970-களில் அமெரிக்காவில், இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்ட யூதப் பின்னணியினர் நடத்திய இயக்கத்தில் இந்த இசை வளர்ந்தது. 'லேம்ப்' என்னும் இசைக்குழு அக்காலத்தில் புகழ்பெற்றது. 1980-இல் எருசலேமில் நிறுவப்பட்ட பன்னாட்டுக் கிறிஸ்தவத் தூதரகம் என்னும் அமைப்பு, ஆண்டுதோறும் கூடாரப் பண்டிகைக் காலத்தில் பல நாட்டுக் கிறிஸ்தவர்களை அங்கே திரட்டிப் பெருவிழா நடத்தத் தொடங்கியது. பால் வில்பர் எருசலேமிலேயே ஒலிப்பதிவு செய்த 'ஷாலோம் ஜெருசலேம்' என்னும் இசைத்தொகுப்பு 1995-இல் வெளிவந்து உலகெங்கும் சபைகளில் பரவியது. சிற்றளவு இசையும், எபிரெயச் சொற்களும், வட்ட நடனமும், கொம்பு ஊதும் ஒலியும் ஆராதனை மேடைகளுக்கு வந்த வரலாறு சுருக்கமாக இதுதான்.

இந்த இயக்கத்தைப் பெரும்பாலான யூத சமயப் பிரிவுகள் யூதமதத்தின் ஒரு கிளையாக ஏற்பதில்லை. குடியேற்ற உரிமை கோரிய அவ்வியக்கத்தாரின் வழக்கை இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 1989-இல் தள்ளிவிட்டது. ஆகவே, 'யூதர்கள் இப்படித்தான் ஆராதிப்பார்கள்' என்று பிள்ளைகளிடம் சொல்லி இப்பாடல்களை அறிமுகப்படுத்துவது முதற்கண் தகவல் பிழை. ஆசிரியர் என்ற முறையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

இப்பாடல்களில் உள்ள நியாயம்

நியாயத்தை மறைத்து வாதிடுவது அழகன்று. இப்பாடல்கள் ஒரு பெரும் பாவத்திற்கு மாற்றாக எழுந்தவை.

இரண்டாம் நூற்றாண்டிலேயே சர்தை நகரத்து மெலித்தோ, பஸ்காவைப் பற்றிய தம் பிரசங்கத்தில் இஸ்ரவேலர் மீது கொலைப்பழி சுமத்தினார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூதரைப் பழித்துத் தொடர் பிரசங்கங்கள் செய்தார். அவர்களுக்குரிய வாக்குத்தத்தங்கள் எல்லாம் நமக்கு மாறிவிட்டன, சாபங்கள் மட்டுமே அவர்களுக்கு எஞ்சின என்னும் போதனை நூற்றாண்டுக் கணக்கில் ஒலித்தது. 1543-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய யூத எதிர்ப்பு நூல் அதன் கொடுமையான வடிவம்.

பாடல்களும் இந்தப் பாவத்தில் பங்கு பெற்றன. ஆங்கிலப் பாமாலைகளின் தந்தை எனப் போற்றப்படும் ஐசக் வாட்ஸ், 1719-இல் வெளியிட்ட தம் சங்கீதப் பாடல் நூலில், பல இடங்களில் இஸ்ரவேலின் பெயரை எடுத்துவிட்டுப் பிரிட்டனின் பெயரை வைத்தார். ஒரு மக்களுக்குக் கொடுத்த வாக்கை இன்னொரு மக்கள் தங்கள் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டார்கள். நிலப்பத்திரத்தில் இதைச் செய்தால் மோசடி என்போம். பாமாலையில் செய்தபோது பக்தி என்றார்கள்!

அதைவிடக் கொடியது 1941-இல் நிகழ்ந்தது. நாஜி ஆட்சிக்கு இசைந்துபோன ஜெர்மன் கிறிஸ்தவர்கள், திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஒழிப்பதற்காகவே 1939-இல் ஐசனாக் நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அந்த நிறுவனம் வெளியிட்ட பாமாலை நூலில் அல்லேலூயா, ஓசன்னா, சீயோன், யெகோவா போன்ற சொற்கள் களையப்பட்டன. பாட்டிலிருந்து யூதரை நீக்கிய அதே ஆண்டுகளில்தான் உலகத்திலிருந்தும் அவர்களை நீக்கும் கொடுஞ்செயல் நடந்தது. அறுபது இலட்சம் பேர்! கத்தோலிக்கத் திருச்சபை தன் பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரை இழித்துரைக்கும் சொல்லை 1959-இல்தான் நீக்கியது. அவர்கள்மீது ஒட்டுமொத்தப் பழி சுமத்தலாகாது என 1965-இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

இந்த வரலாற்றை அறிந்தவர்கள், யூத மக்களுக்கு இறைவன் கொடுத்த வாக்கு இன்னும் நிலைக்கிறது என்று பாடும் பாடலை எளிதில் ஒதுக்கமாட்டார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பவுல் அதைத்தான் சொல்கிறார். காட்டொலிவக் கிளைகளாகிய நாம் ஒட்டவைக்கப்பட்டவர்கள். வேர் நம்மைத் தாங்குகிறது. நாம் வேரைத் தாங்கவில்லை.

ஆகவே, செய்தித்தாள்களில் வரும் போர்ச் செய்திகளைக் கண்டு மனம் கசந்து, 'சீயோன், இஸ்ரவேல் என்று வரும் பாடல்களையெல்லாம் எடுத்துவிடுவோம்' என்று சொல்லும் அன்பர்களோடு நான் உடன்பட மாட்டேன். அந்த வேலையை 1941-இல் ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. போதும்.

விட்டுப்போன முதற்பகுதி: அழுகை

பின் எங்கே தவறுகிறோம்? யூத மக்களின் வாக்குத்தத்தத்தைப் பாட வருகிற நாம், அதே வாக்குத்தத்தத்தை அந்த மக்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்று கேட்பதே இல்லை. கேட்டால் நம் பாட்டில் என்ன குறைகிறது என்பது விளங்கும்.

ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் உணவுக்குப் பின் நன்றி மன்றாட்டுக்கு முன் அவர்கள் 126-ஆம் சங்கீதத்தைப் பாடுவார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் கனவு காண்பவர்போல இருந்ததைச் சொல்லும் மகிழ்ச்சிப் பாட்டு அது. ஆனால் வாரநாள்களில், அதற்குப் பதிலாக, பாபிலோனின் ஆற்றங்கரையில் அழுத 137-ஆம் சங்கீதத்தைச் சொல்லும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. மகிழ்ச்சிக்கு ஓய்வுநாள், அழுகைக்கு வாரநாள்கள். திருமணத்தில் மணமகன் கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பது எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைவுகூரவே எனப் பொருள் சொல்வார்கள். ஆபு மாதம் ஒன்பதாம் நாள், விளக்குகளைக் குறைத்து, தரையில் அமர்ந்து, எரேமியாவின் புலம்பலைத் தனிப்பட்ட சோக இசையில் வாசிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் ஏழு ஓய்வுநாள்களில்தான் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள் வாசிக்கப்படும். புலம்பாமல் ஆறுதலுக்குப் போக அந்த நாட்காட்டி இடம்கொடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளை வரவேற்றுப் பாடும் 'லெகா தோதி' என்னும் பாட்டு, 16-ஆம் நூற்றாண்டில் சாபேத் நகரில் சாலமோன் அல்கபேட்ஸ் இயற்றியது. ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் பாட்டுத்தான். எனினும் அதன் இடைச் சரணங்கள் பல, பாழாய்க் கிடக்கும் எருசலேமை நோக்கியே பேசுகின்றன. புழுதியை உதறி எழுந்திருக்கச் சொல்கின்றன. புழுதியில் கிடந்தவர்களின் பாட்டு அது.

மேசியா வருவார் என நம்புகிறேன் என்னும் 'அனி மாமீன்' பாட்டையும் எண்ணிப் பாருங்கள். அதன் கருத்து மைமோனிதீசின் பதின்மூன்று நம்பிக்கைகளிலிருந்து வந்தது. அதன் புகழ்பெற்ற மெட்டு திரெப்ளிங்கா மரண முகாமுக்குச் சென்ற இரயிலில் பிறந்தது என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. சாவுக்குப் போகிறவர்கள் பாடிய வாக்குத்தத்தம்!

இத்தகைய மக்களின் நம்பிக்கையை எடுத்து, அழுகையைக் கழித்துவிட்டு, வண்ணக் கொடியும் தோள்துண்டும் கொடுத்து மேடையில் நம் பிள்ளைகளை ஆடவிடுகிறோம். ஆண்டு விழாவில் தாலித் எனப்படும் தொழுகைத் துண்டு வேட உடையாகிறது. கொம்பு ஊதுவது கைதட்டலுக்கான வித்தையாகிறது. நம் வீட்டு விளக்கையும் வேட்டியையும் தாலியையும் பிறர் மேடைப் பொருளாக்கினால் நாம் எப்படித் துடிப்போம்! பிறருடைய புனிதப் பொருள் என்றால் மட்டும் நமக்கு ஏன் கூசுவதில்லை?

விட்டுப்போன இரண்டாம் பகுதி: நிபந்தனை

வாக்குத்தத்தம் என்னும் சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நன்கு அறிவோம். ஆண்டுப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்காத வீடு நம்மிடையே அரிது. அந்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் வசனம் எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் பதினோராம் வசனம். நல்ல எதிர்காலத்தைப் பற்றிய வசனம். அதற்கு முந்திய வசனத்தை எத்தனை பேர் வாசித்திருப்போம்? எழுபது ஆண்டுகள் பாபிலோனில் இருந்தாக வேண்டும் என்கிறது அது. அதற்கும் முன்னால், நாடுகடத்தப்பட்டவர்கள் தாங்கள் வாழும் அந்நிய நகரத்தின் நலனுக்காக மன்றாட வேண்டும் என்கிறார் தீர்க்கதரிசி. அட்டையில் அச்சாவது பதினோராவது வசனம் மட்டுமே! பாதிப் பாட்டுப் பழக்கம் நமக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இஸ்ரவேலின் வாக்குத்தத்தப் பாடல்களிலும் இதே கதைதான். நிலம் தருவேன் என்ற சொல் பாட்டில் வரும். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளே என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் இறைவன் உரைப்பது பாட்டில் வராது. கூட்டிச் சேர்ப்பேன் என்பது வரும். அந்நியனை உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்னும் 19-ஆம் அதிகாரத்துக் கட்டளை வராது. எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தில், திரும்பி வந்த மக்கள் நிலத்தைப் பங்கிடும்போது, தங்களிடையே தங்கிப் பிள்ளை பெற்ற அந்நியருக்கும் சரிபங்கு கொடுக்க வேண்டும் எனச் சொல்லப்படுகிறது. நிலத்தின் வாக்குத்தத்தத்திற்கு உள்ளேயே எழுதப்பட்ட நிபந்தனை அது. துள்ளலிசையில் அதைப் பாடிய குழு எதையும் நான் கேட்டதில்லை.

ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் கடுமையானவர். நியாயமும் நீதியும் ஓடாத இடத்தில் எழும் பாடல்களின் இரைச்சலைத் தம்மிடமிருந்து அகற்றும்படி இறைவன் சொல்வதாக ஐந்தாம் அதிகாரத்தில் அவர் எழுதுகிறார். ஆராதனை இசையைப் பற்றி வேதாகமத்தில் உள்ள மிகக் கடுமையான விமர்சனம் அது. அவரே ஒன்பதாம் அதிகாரத்தில், இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவந்த இறைவனே பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடங்களிலிருந்து அழைத்துவந்தார் என்கிறார். தேர்ந்துகொள்ளப்பட்டதனால் பிறர் தள்ளப்பட்டார்கள் என்று பொருளில்லை. ஆபிரகாமுக்குச் சொன்ன முதல் வாக்கிலேயே பூமியின் வம்சங்கள் எல்லாம் ஆசி பெறும் என்பதும் அடங்கியிருக்கிறதே!

யூதர்களே இதைப் பற்றித் தங்களுக்குள் கடுமையாக விவாதித்தவர்கள் என்பதையும் நாம் அறிய வேண்டும். 1818-இல் ஹம்பர்க் நகரில் திறக்கப்பட்ட சீர்திருத்த ஆலயத்தின் மன்றாட்டு நூல், சீயோனுக்குத் திரும்புதல் பற்றிய சில பகுதிகளை மாற்றியது. பழைமையாளர் பலர் அதை எதிர்த்தனர். அமெரிக்கச் சீர்திருத்த யூத ரபீக்கள் 1885-இல் பிட்ஸ்பர்க்கில் கூடி, நாங்கள் ஒரு நாட்டினம் அல்லர், பாலஸ்தீனத்திற்குத் திரும்புவதை எதிர்பார்க்கவில்லை என்று அறிவித்தனர். 1937-இல் கொலம்பஸ் நகரில் அந்த நிலைப்பாடு மாற்றப்பட்டது. ஆக, உரியவர்களே ஒரு நூற்றாண்டுக்கு மேல் தயங்கியும் வாதிட்டும் திருத்தியும் வந்த ஒரு பொருளை, நாம் மூன்று நிமிடப் பாட்டில் ஐயமறப் பாடி முடித்துவிடுகிறோம்.

விட்டுப்போன மூன்றாம் பகுதி: உயிருள்ள மனிதர்கள்

இங்கே நம் மொழி நமக்குச் செய்யும் உதவியைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வேதாகம மக்களுக்கும் 1948-இல் உருவான நாட்டுக்கும் ஒரே பெயர்தான். தமிழில் அப்படியில்லை. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு 'இஸ்ரவேல்' என்கிறது. திருவிவிலியம் 'இஸ்ரயேல்' என்கிறது. நாளிதழ்கள் 'இஸ்ரேல்' என்று எழுதுகின்றன. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த மக்களின் வழித்தோன்றல்கள்தாம் அந்த நாட்டை அமைத்தார்கள். ஆனால் உடன்படிக்கையின் மக்கள் வேறு, தேர்தலும் அமைச்சரவையும் படையும் வரவு செலவுத் திட்டமும் கொண்ட ஓர் அரசு வேறு. ஓர் அரசின் செயலை நன்று என்றும் தீது என்றும் சொல்ல மனிதருக்கு உரிமை உண்டு. அப்படி இருக்க, பாட்டில் 'இஸ்ரவேல்' என்று பாடிக்கொண்டே திரையில் இஸ்ரேலின் கொடியையும் போர் விமானத்தையும் காட்டினால், தமிழ் நமக்குப் பிரித்துக் கொடுத்ததை நாமே குழப்பிவிடுகிறோம். நாளைக்கு அதே பிள்ளைகள், ஓர் அரசைக் குறைகூறுவது இறைவனைக் குறைகூறுவது என்று எண்ணி வளர்வார்கள்.

2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறக்குறைய 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் எத்தனையோ பேர். அவ்வாண்டு அக்டோபர் 19-ஆம் நாள் காசாவின் பழைமையான புனித பொர்பீரியஸ் தேவாலய வளாகத்தில் குண்டு விழுந்தது. அங்கே அடைக்கலம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் இறந்தனர். நம்மைப் போலவே அல்லேலூயா சொல்பவர்கள். அதே சங்கீதங்களை அரபு மொழியில் வாசிப்பவர்கள். நம் வெற்றிப் பாட்டில் அவர்களுக்கு இடம் எங்கே?

நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2023 அக்டோபர் இறுதியில் மலேசியக் கல்வி அமைச்சு பள்ளிகளில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரத்தை நடத்தியது. 'யூதன்' என்ற சொல்லை வசைச் சொல்லாகவே கேட்டு வளரும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அதே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சபையில், இஸ்ரவேலின் எதிரிகள் அழிவார்கள் என்று பாடுகிறது. வாரத்தில் ஒருபுறம் பாதிப் பாட்டு. ஞாயிறன்று மறுபுறம் பாதிப் பாட்டு. ஓரிடத்தில் யூதன் அரக்கன். மற்றோரிடத்தில் யூதன் கடிகார முள், உலக முடிவுக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று பார்க்க உதவும் கருவி. இரண்டு இடத்திலும் அவன் மனிதனாக இல்லை! பத்து வயதுப் பிள்ளையின் மனத்தில் இதைவிடப் பெரிய குழப்பத்தை விதைக்க முடியுமா?

யூதர்கள் நமக்குத் தொலைவில் இருந்தவர்களும் அல்லர். சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் 1878 முதல் அவர்களின் தொழுகைக்கூடம் நிற்கிறது. 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் யூதர். பினாங்கில் அவர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. தமிழகத்தின் அண்டையில் கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திலேயே பக்திப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறினர். வாக்குத்தத்தத்தை நம்பிச் சென்ற அவர்களும் பிறந்த ஊரைப் பிரிந்தவர்கள்தாம். புலம்பெயர்ந்தோர் வழிவந்த நமக்கு அந்த மனநிலை புரியாததா?

மறுப்புகளுக்கு மறுமொழி

'ஐயா, சின்னப் பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் பாடுவதில் இத்தனை ஆராய்ச்சி தேவையா?' என்று கேட்பார்கள். தேவை. சின்னப் பிள்ளைகள் என்பதால்தான் தேவை. பெரியவர்கள் பாடியதை மறுநாள் சோதித்துப் பார்க்க முடியும். பிள்ளைகள் பாடியதையே உண்மை என்று கொள்வார்கள்.

'வாக்குத்தத்தம் மாறாதது என்று வேதமே சொல்கிறதே' என்பார்கள். ஆம், சொல்கிறது. ஆனால் அதைச் சொல்லும் பவுல் எப்படித் தொடங்குகிறார்? ஒன்பதாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், தம் இனத்தாருக்காகத் தம் இருதயத்தில் ஓயாத வேதனை உண்டு என்கிறார். பதினோராம் அதிகாரத்தின் இறுதியில்தான் துதிப்பாட்டுக்கு வருகிறார். வேதனையில் தொடங்கித் துதியில் முடிகிறார். அதற்கு நடுவில் பெருமை பாராட்டாதே என்று நம்மை எச்சரிக்கிறார். அந்த வரிசையில் பாடினால் எனக்கு மறுப்பே இல்லை.

'எருசலேமுக்காக மன்றாடுவது நம் கடமை' என்பார்கள். முற்றிலும் உண்மை. 122-ஆம் சங்கீதம் வேண்டச் சொல்வது அதன் சமாதானத்தை. அந்த நகரில் யூதரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாழ்கிறார்கள். ஒரு நகரத்தின் பாதிப் பேருக்கு மட்டும் சமாதானம் என்று ஒன்று இருக்க முடியுமா?

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே சில வழிகளைக் கூறுகிறேன்.

ஒன்று: எந்தச் சங்கீதத்திலிருந்து பாட்டு எடுக்கப்பட்டதோ அந்தச் சங்கீதத்தை முழுமையாகப் பிள்ளைகளோடு வாசித்துவிட்டுப் பாடுங்கள். 126-ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள்தான். சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரோடு விதைப்பவனிடம் வந்து சேரும். ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு: ஒரு மகிழ்ச்சிப் பாட்டுக்கு ஒரு புலம்பல் பாட்டு என்று இணைத்துக் கற்பியுங்கள். பிள்ளைகளுக்கு அழத் தெரியாது என்று எண்ணாதீர்கள். வீட்டில் துக்கம் கண்ட பிள்ளைக்குப் புலம்பல் பாட்டு நல்ல துணை.

மூன்று: 'யூதர் இன்றும் வாழும் மக்கள், அவர்களுக்கு அவர்களுக்கே உரிய சமயம் உண்டு' என்ற ஒரு வரியையாவது பாட்டுக்கு முன் சொல்லுங்கள். அவர்களின் புனித ஆடையையும் பொருளையும் வேடப்பொருளாக்காதீர்கள்.

நான்கு: இஸ்ரவேல் என்பதற்கும் இஸ்ரேல் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஆராதனைத் திரையில் எந்த நாட்டுக் கொடியும் படையும் வேண்டா.

ஐந்து: பெற்றோர்களே, பிள்ளை வீட்டில் முணுமுணுக்கும் பாட்டின் சொற்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 'எதிரி என்று வருகிறதே, யார் அந்த எதிரி?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். வரும் விடை நமக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிவிடும்.

இறுதியாக ஒரு செய்தி. பஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொரு வாதைக்கும் ஒரு துளி திராட்சரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்து வெளியே விடுவார்கள். பகைவனே ஆனாலும் அவன் துன்புற்றான்; அதனால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருக்கலாகாது என்பது அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். செங்கடலில் எகிப்தியர் மூழ்கியபோது பாட வந்த தேவதூதர்களை, என் கைப்படைப்புகள் மூழ்கும் வேளையில் நீங்கள் பாடுவதா என்னும் கருத்துப்பட இறைவன் கடிந்துகொண்டதாகத் தல்மூத் கூறுகிறது. மீட்கப்பட்டவர்கள் தங்கள் மீட்பின் பாட்டில் தாங்களே குறைத்துக்கொண்ட துளிகள் அவை.

வாக்குத்தத்தத்தைப் பெற்றவர்களே அப்படிப் பாடுகிறார்கள் என்றால், ஒட்டவைக்கப்பட்ட கிளைகளாகிய நாம் இன்னும் எவ்வளவு பணிவோடு பாட வேண்டும்! நம் பிள்ளைகளுக்கு அந்தப் பத்துத் துளிகளைக் கற்பிப்போம். அதன்பின் அவர்கள் எவ்வளவு உரக்கப் பாடினாலும் நான் அவர்களோடு சேர்ந்து பாடுவேன்.

சிந்திப்போம், செயற்படுவோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்